நூறு வருஷப் பந்தயம்

“பதினொண்ணும் பத்தும் எப்படிடா ஒண்ணாகும்? நெல்லு அளக்குறப்ப இப்படிச் சொன்னா விட்டுடுவேனா?”

வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். பொங்கலுக்கு வந்திருந்த மகன்கள் மூவரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவன் லண்டன், நடுவுலவன் நியூஜெர்சி, சின்னவன் மெல்போர்ன். ஊருக்குள் இப்போது அவர்களுக்கு அதுதான் பெயர்.

இந்த அறுவடையோடு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்லி, மூன்று பேரும் காலையிலிருந்து அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்த வயசுல சேத்துல வழுக்கி விழுந்தா யாருப்பா பாக்குறது?”

“என் நிலம்டா. என் கால் நடக்குற வரைக்கும் நான்தான் இறங்குவேன்.”

அவர் ‘என் நிலம்’ என்று சொல்லும்போதெல்லாம் சமையலறையில் மனைவி மங்களாம்பிகையின் கரண்டி நங்கென்று ஒலிக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஒலிக்கிறது. அவர் அதைச் சமையல் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பேசித் தீராமல் கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. நாளைக்குக் கபடியில் அவர்கள் நடுத்தெரு அணி தோற்றால், ஒரு வருஷம் நிலம் குத்தகைக்குப் போகும். ஜெயித்தால் மகன்கள் வாயைத் திறக்கக் கூடாது. எத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்பதில்தான் சண்டை. நடுத்தெரு ஜெயித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை என்பதால், மகன்கள் தாராளமாகவே அள்ளி வீசினார்கள்.

“பத்துக்கு ஒண்ணுப்பா. நீங்க ஒரு வருஷம் வச்சா நாங்க பத்து வருஷம்” என்றான் லண்டன்.

“எங்க ஊர்ல அதை பதினொண்ணுன்னு சொல்லுவோம். நீங்க வச்ச ஒண்ணும் திரும்பி வருதுல்ல, அதையும் சேத்து” என்றான் மெல்போர்ன்.

“என் ஒண்ண என்கிட்டயே குடுத்துட்டு லாபத்துல எழுதுறியா? நல்லா பொழைப்படா நீ!”

“எங்க ஊர்ல அதுக்கே ப்ளஸ் ஆயிரம்னு பேரு” என்றான் நியூஜெர்சி.

வைரக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா? இவன்தான் மனசுள்ளவன். ஆயிரம் வருஷம்!”

“ஐயோ அப்பா, மூணும் ஒரே கணக்குதான். நூறு வச்சாத்தான் ஆயிரம்.”

“அப்ப நூறு வருஷம் வைக்கிறேன்!”

லண்டன் பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினான். “நூறு வருஷம்னா ஒரேயடியா விடுறதுப்பா. வேணாம், ஒண்ணே வைங்க.”

“வைரக்கண்ணு வச்சதை எடுக்க மாட்டான். இன்னும் ஏத்தணுமா சொல்லு.”

“ரெண்டு பந்தயத்தைக் கோத்துக் கட்டினா ஏறும்” என்று உளறிவிட்டான் மெல்போர்ன்.

“அப்ப நடுத்தெரு கபடில ஜெயிக்குது, உங்கம்மா கோலப் போட்டில ஜெயிக்கிறா. கட்டு!”

“இது அக்குமுலேட்டர்” என்றான் லண்டன்.

“பார்லேன்னு சொல்லு” என்றான் நியூஜெர்சி.

“மல்ட்டி” என்றான் மெல்போர்ன்.

“புள்ளைக்கு மூணு பேர் வச்சுட்டுச் சண்டையா போடுறீங்க?” என்றார் வைரக்கண்ணு. “எந்தப் பேராயிருந்தாலும் என் நிலம் என்கிட்டதான் இருக்கும்!”

உள்ளே கரண்டி இரண்டு முறை நங்கென்றது.

மறுநாள் கோலப் போட்டியில் மங்களாம்பிகைக்கு முதல் பரிசு கிடைத்தது, குத்துவிளக்கு. வைரக்கண்ணு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கபடித் திடலுக்குப் போனார். அங்கே திருப்பனந்தாள் அணி நடுத்தெருப் பையன்களை மூட்டை மூட்டையாகத் தூக்கி வெளியே போட்டது.

“ஒண்ணுல ஜெயிச்சாச்சே, பாதியாவது தேறாதா?” என்று வீட்டுக்கு வந்து கேட்டார்.

“ரெண்டும் ஜெயிக்கணும்ப்பா” என்றார்கள் மூவரும். எந்தப் பேச்சிலும் சேராத மூன்று தேசமும் இதில் மட்டும் சேர்ந்துகொண்டது.

லண்டன் பத்திரத்தாளை எடுத்து வைத்தான். நியூஜெர்சி, என்ன விஷயம் என்று சொல்லாமலே பக்கத்து வயல் ரெத்தினத்தை அழைத்து வந்தான். குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிற ஆள் அவர்.

நாற்று நட்டு முடித்த அன்று வைரக்கண்ணு வரப்பில் நின்று பார்ப்பாரே, இனி அது கிடையாது. ஆனாலும் கெஞ்சுவதாக இல்லை.

“பேனாவைக் குடுடா. சொன்ன சொல் தவற மாட்டேன். என் நிலத்தை நானே...”

கரண்டி சமையலறை வாசல்வரை பறந்து வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே மங்களாம்பிகையும் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

ரெத்தினம் அவளைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், பதறி எழுந்து செருப்பைத் தேடினார்.

“என்னண்ணே விளையாடுறீங்களா? அது அண்ணிக்கு அவங்கப்பா எழுதிவச்ச மஞ்சக்காணியாச்சே! போன மாசம் குத்தகைக்குக் கேட்டதுக்கே என்னைத் துடைப்பத்தோட தெருமுனை வரைக்கும் துரத்துனாங்க!”