துடைக்காமல் விட்ட எண்ணெய்

தன் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைக்காமல், காலடியில் கிடக்கும் பலகைக்கு மட்டும் எண்ணெய் வைத்தே காலம் தள்ளிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ராயபுரத்தில் எங்கள் லாட்ஜில், எனக்குப் பக்கத்து அறையில் இருந்தார். எல்லோரையும் "நைனா" என்றே கூப்பிடுவார். அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. முன்னால் 'ஆயில்' சேர்த்தது நாங்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை அவருக்கு. நான் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. அறுபதுகளின் கடைசி அது. லாட்ஜ் மாடியில் கடலைப் பார்த்த பக்கம், உடைத்த கப்பலிலிருந்து வந்த தேக்குப் பலகைகளை அடித்து ஒரு தளம் போட்டிருந்தார்கள். கூரை கிடையாது. டெக்கு என்போம். வெயிலும் மழையும் உப்புக்காற்றும் அதை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தன. லாட்ஜ்காரர் கண்டுகொள்ளவில்லை. நைனா தத்து எடுத்துக்கொண்டார்.

எந்த எண்ணெய் சரி என்று கண்டுபிடிக்க அவர் பட்ட பாடும் எங்களைப் படுத்திய பாடும் கொஞ்சநஞ்சமல்ல. படகுக்காரர்கள் பேச்சைக் கேட்டு முதலில் மீன் எண்ணெய் பூசினார். இரண்டே நாளில் ராயபுரத்துப் பூனைகள் மொத்தமும் எங்கள் லாட்ஜில் குடியேறின. ஒன்று என் தலையணையில் குட்டி போட்டது. அடுத்தது கடலை எண்ணெய். பூனை போய் எறும்பு வந்தது. பிறகு முந்திரிக்கொட்டைத் தோலில் எடுத்த எண்ணெய். அதைப் பூசினால் கரையான் அண்டாது என்றார். அண்டவில்லைதான். ஆனால் அவருடைய இரண்டு கையும் வெந்து கொப்புளித்து, பத்து நாள் எதிர் அறைக்காரர் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. கடைசியாகக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் வந்து நின்றார். அதில் கொஞ்சம் டர்பன்டைன் கலப்பார்.

அதற்கப்புறம்தான் சட்டதிட்டங்கள் ஆரம்பமாயின. பலகைமேல் தண்ணீர் தெளிப்பார். முத்து முத்தாக நின்றால் சரி. உறிஞ்சிக்கொண்டால் பலகைக்குத் தாகம் என்று அர்த்தம். உடனே டெக்கைக் கழுவி, மூன்று நாள் காயவிட்டு, துணிக்கொடி முதற்கொண்டு அவிழ்த்துவிடுவார். நாங்கள் ஈர லுங்கியைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போகாததுதான் பாக்கி. எண்ணெயைத் துணியில் தொட்டு, மரத்தின் ரேகை போகிற வழியே மெல்லிசாகத் தேய்ப்பார். கால்மணி நேரம் குந்தியிருப்பார். பிறகு வேறு துணியால் அழுத்தித் துடைத்துவிடுவார்.

"மரம் குட்ச்சது போவ மிச்சத்த தொடச்சிடணும் நைனா. வுட்டா கோந்தாயிடும்," என்பார். இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். காதில் வாங்கியதில்லை.

அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணை மாதா கோயிலில் ஒரு தடவை பார்த்திருந்தேன். பார்த்ததிலிருந்து கம்பெனிக் கடிதங்களில் முகவரி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா பெரம்பூரில் ரயில் பெட்டிகளின் மரவேலைக்கு ஃபோர்மேன். ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்த குற்றத்துக்காகவே ஒரு வரனை வேண்டாம் என்றவர். எனக்குப் பெற்றோர் இல்லாததால், ஞாயிற்றுக்கிழமை காலை நேரே லாட்ஜுக்கே வருவதாகச் சொல்லியனுப்பினார். நைனா என்னைவிடப் பரபரப்பாகி, வியாழக்கிழமையே டெக்குக்கும் அங்கிருந்த பெஞ்சுக்கும் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் பார்த்தால் பலகை மங்கலாக இருந்தது. வருகிறவர் மரம் தெரிந்தவர், பளபளப்பாக இருந்தால்தானே மதிப்பார் என்று நினைத்தேன். விநாசகாலே விபரீத புத்தி. டின்னில் மிச்சமிருந்த எண்ணெயை அப்படியே ஊற்றி, பெஞ்சையும் விடாமல் பூசினேன். முகம் பார்க்கலாம் போல் மின்னியது. துடைக்க மனசு வரவில்லை.

ஃபோர்மேன் வந்தார். கறைபடாத வெள்ளை வேட்டி. பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எனக்கே என்மேல் மரியாதை வருகிற மாதிரி பதில் சொன்னேன். திருப்தியோடு எழுந்தார். வேட்டி எழவில்லை.

இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பெஞ்சை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"இதை யாருப்பா பூசினது?"

அப்போதுதான் நைனா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து படியேறி வந்து நின்றார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தாங்க பூசனேன்," என்றார். "தொடைக்க மறந்துட்டேன்."

ஃபோர்மேன் அவரைப் பிடித்துக்கொண்டார். மரத்துக்கு எண்ணெய் பூசுவது எப்படி என்று அவருக்கு ஆனா ஆவன்னாவிலிருந்து பாடம் நடத்தினார். மிச்சத்தைத் துடைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நைனா கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க" என்றார். போகும்போது ஃபோர்மேன் என் தோளைத் தட்டி, மாப்பிள்ளை இந்த மாதிரி அரைகுறைகளோடு சேர வேண்டாம் என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னதில் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

மறுநாள் நைனா டர்பன்டைனும் தேங்காய் நாருமாக முட்டிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"பலகய சொரண்டி சரி பண்ணிக்கலாம் நைனா. அந்த பொண்ணு போச்சுன்னா இன்னாத்த சொரண்டுவ?"

ஒரு வாரம் தேய்த்தார். நானும் கூடத் தேய்த்தேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

என் மாமனார் ரொம்பக் காலம் இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் வேட்டி ஒட்டிய கதையைச் சொல்லி, அந்த லாட்ஜ் ஆளுக்கு எண்ணெய் பூசவே தெரியாது என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வருஷமாவது வாயைத் திறந்திருக்கலாம். மாமனாரும் போய்விட்டார், நைனாவும் போய்விட்டார்.

இதை என் மனைவி முதலில் படிப்பாள். பூசியது நான்தான் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்துகொண்டு, நைனாவுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றட்டும்.