தேதி போடாத செக்

மைசூரில் அந்தக் காலத்தில் பேங்க் கணக்கு வைத்திருந்த எத்தனையோ ஆயிரம் பேரில், செக் எழுதுவதைச் சாமி காரியமாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் செக் மேஸ்திரிதான். அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் பேங்க் தலைகுப்புறக் கவிழ்த்தது. கவிழ்த்ததை லெட்ஜரில் வரி வரியாக எழுதி, கூட்டிப் போட்டு, சரிபார்த்தவன் அடியேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் எங்கள் கிளை. கம்ப்யூட்டர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. நடப்புக் கணக்கு லெட்ஜர் என் பொறுப்பு. மேஸ்திரி தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர். சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் தகடு அடித்து முட்டுக் கொடுக்கும் வேலை. சொந்தமாக நூறு இரும்புத் தகடும், அவரை நம்பி முப்பது நாற்பது ஆட்களும் இருந்தார்கள். அவருடைய நிஜப் பெயரை லெட்ஜரைத் தவிர வேறு யாரும் உபயோகித்து நான் பார்த்ததில்லை.

செக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுவார். பிறகு கிழக்கே பார்த்துக் கும்பிடுவார். எங்கள் கிளையில் கிழக்கே இருந்தது கழிப்பறை. போகிறவர் வருகிறவர் எல்லாம் தங்களைத்தான் இவர் கும்பிடுகிறார் என்று நினைத்துச் சங்கடப்படுவார்கள். கையெழுத்து முடிய இரண்டு நிமிஷம் ஆகும். அதுவரை கவுன்டரில் வரிசை நகராது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மொய்யும் செக்கில்தான் எழுதினார். ஆட்களின் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, நூற்றொரு ரூபாய்க்குச் செக். அவர்கள் பக்கம் மொய்யை மைக்கில் வாசிப்பது வழக்கம். "மேஸ்திரி, நூத்தியொண்ணு, செக்கு" என்று வாசிக்கும்போது பந்தலே திரும்பிப் பார்க்கும். பேர் எழுதுவார், தொகை எழுதுவார், தேதி மட்டும் எழுத மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். நல்ல காரியத்துக்குக் குடுத்ததுக்குக் கெடு வைக்கலாமுங்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தச் செக்குகள் ஒன்றுகூடப் பேங்குக்கு வந்ததில்லை. வாங்கியவர்கள் யாருக்கும் கணக்கே கிடையாது. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார்கள். மூன்று வருஷமாக மேஸ்திரி ஊரெல்லாம் மொய் எழுதினார், கையிலிருந்து காலணா போகவில்லை. வேறு ஒருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இவருக்கோ மனக்குறை. "என் செக்கை ஒருத்தனும் மாத்த மாட்டேங்கறானுங்க சார். மதிப்பில்லீங்க" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

விதி டெபாசிட் மாதம் என்ற பெயரில் வந்தது. ஆளுக்கு இத்தனை புதுக் கணக்கு பிடித்தாக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். எனக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களில் யாருக்காவது கேடு வராமல் இருந்ததில்லை. நேரே மேஸ்திரியிடம் போய், உங்கள் ஆட்களுக்கெல்லாம் சேமிப்புக் கணக்கு திறக்கலாமா என்றேன். அப்போதெல்லாம் புதுக் கணக்குக்கு ஏற்கனவே கணக்கு உள்ளவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றதுமே மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டார்.

முப்பத்தேழு பேரை வேலைக்கு லீவு விட்டுக் கூட்டி வந்தார். முப்பத்தேழு முறை கிழக்கே பார்த்தார். கணக்கு திறக்க நூறு ரூபாயாவது போட வேண்டும், ஆட்களிடம் பணம் இல்லை. மேஸ்திரி முகத்தில் வெளிச்சம் வந்தது. "எதுக்குடா முழிக்கிறீங்க? நான் குடுத்த செக்கு இருக்குதல்ல, அதைப் போடுங்க" என்றார். மறுநாள் சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து முப்பத்தேழு செக்குகள் விபூதி வாசனையோடு என் மேஜைக்கு வந்தன. தேதியை நானே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன்.

மேஸ்திரியின் கணக்கில் அன்றைக்கு இருந்தது ஆயிரத்துச் சொச்சம். செக்குகளின் மொத்தம் மூவாயிரத்து எழுநூற்று முப்பத்தேழு. மேனேஜரிடம் ஓடினேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் பட்டியலில் முப்பத்தேழு கணக்கு குறைவதா? எல்லாவற்றையும் பாஸ் செய்யுங்கள், ஓவர்டிராஃப்டாக இருக்கட்டும் என்றார். அன்று மாலை மேஸ்திரிக்குக் கழித்தல் குறியோடு இரண்டாயிரத்து அறுநூறு நின்றது. அவரோ தன் செக் எல்லாம் மாறிவிட்டது என்று கிளைக்கே மைசூர்பாகு வாங்கி வந்தார். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

அதற்கப்புறம் அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. ஓவர்டிராஃப்டுக்கு வட்டி. அவர் சிமெண்ட் கடைக்குக் கொடுத்த செக் திரும்பியது, அதற்கு ஒரு சார்ஜ். கடைக்காரர் மறுபடி போட்டார், மறுபடி திரும்பியது, மறுபடி சார்ஜ். அந்தச் சார்ஜையும் இல்லாத பணத்திலிருந்துதான் எடுத்தோம், அதனால் அதற்கும் வட்டி. மேஸ்திரி வாரம் ஒருமுறை ஐம்பது ரூபாயோடு வந்து கட்டுவார். அதே வாரம் ஐம்பத்தைந்து ரூபாய் ஏதாவது ஒரு பெயரில் ஏறியிருக்கும். பாஸ் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார் ஒருநாள்.

"காசு இல்லேன்னுதானுங்க செக்கு திரும்புச்சு. இல்லாதவங்கிட்ட எதைங்க எடுத்தீங்க?"

இன்றுவரை எந்த மேனேஜரிடமிருந்தும் நான் அதற்குப் பதில் வாங்கியதில்லை. மேஸ்திரி கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனி மாதம் அவர் மகள் செல்விக்கு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் ஐயாயிரம் ரூபாய்க்கு டி.டி. எடுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. மேஸ்திரி கவலைப்படவில்லை. சரஸ்வதிபுரத்தில் முடித்துக் கொடுத்த வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் செக் வந்திருந்தது. கணக்கில்தான் போட முடியும் என்று குறுக்கே கோடு போட்ட செக். அதை அவரே கொண்டுவந்து போட்டார். வெள்ளிக்கிழமை பணம் வந்தது. ஓவர்டிராஃப்டு பாக்கி மூவாயிரத்து நானூறை அது வந்த வேகத்திலேயே விழுங்கிவிட்டது. மிஞ்சியது இரண்டாயிரத்து அறுநூறு.

சனிக்கிழமை அரை நாள். காலையில் டி.டி. பாரத்தோடு வந்த மேஸ்திரியிடம் நான்தான் சொன்னேன். அவர் பாரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சேதி எப்படியோ கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டது. பதினோரு மணிக்கு முப்பத்தேழு பேரும் சிமெண்ட் பூசிய காலோடு பேங்குக்குள் வந்தார்கள். மேஸ்திரி குடுத்த மொய்யை நாங்க திருப்பி எடுக்கணும் சார் என்றான் முன்னால் நின்றவன்.

ஒவ்வொருவர் கணக்கிலும் நூற்றொரு ரூபாய். குறைந்தபட்ச இருப்பு நூறு. வருஷத்துக்குள் கணக்கை மூடவும் மேனேஜர் சம்மதிக்க மாட்டார், அவர் பட்டியல் போய்ச் சேர்ந்து பாராட்டுக் கடிதமும் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு ரூபாய்தான் எடுக்கலாம் என்று சொன்னேன். தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். முப்பத்தேழு பேர், முப்பத்தேழு பாரம், கைநாட்டு, ஆளுக்கு ஒரு ரூபாய். காஷியர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அத்தனை நாணயத்தையும் ஒரு துண்டில் கொட்டி மேஸ்திரியின் பக்கத்தில் வைத்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். டி.டி.க்குக் குறைந்த அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் அன்று என் சம்பளக் கணக்கில் இருந்தது. ஸ்கூட்டர் வாங்கச் சேர்த்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. ஆடி கழிந்ததும் ஸ்கூட்டர் வாங்கினேன். அதில் ஏறும்போதெல்லாம் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது, வந்தும் ஓட்டினேன்.

மேஸ்திரி அன்று மதியமே நூறு தகட்டையும் பாதி விலைக்கு விற்றார். செல்வி சேர்ந்துவிட்டாள். தகடு போனபின் அவர் மேஸ்திரி இல்லை, தன்னிடம் வேலை பார்த்தவனிடமே தினக்கூலிக்குப் போனார். கணக்கை மூட வந்தபோது மீதமிருந்த செக் தாள்களைத் திருப்பித் தந்தார். எண்ணினேன், ஒன்று குறைந்தது. அவரைப் பார்த்தேன். அவர் கிழக்கே பார்த்தார். சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன்.

அடுத்த வருஷம் அக்ரஹாரத்தில் ஒரு சத்திரத்தில் எனக்குக் கல்யாணம். வெள்ளைச் சட்டையோடு வந்தார், மணமேடைக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு. கையில் ஒரு கவரைத் திணித்து, காதருகே குனிந்தார்.

"உடனே போட்டறாதீங்க சார்."

நூற்றொரு ரூபாய். இரண்டு நிமிஷக் கையெழுத்து. தேதி இல்லை.

இப்போது அந்தப் பேங்கில் அந்தக் கணக்கும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. செக் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. மூடிய கணக்குக்குச் சார்ஜ் போட முடியாது என்பது முப்பது வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதா? இருந்தாலும் அதை வெளியே எடுப்பதில்லை. எங்கேயாவது அவர் பெயரில் இன்னும் ஒரு ரூபாய் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.