தாய்ப்பலகைத் தேர்வுக் குழு

உலகத்தில் உருப்படியான காரியம் எதுவும் குழு அமைக்காமல் நடந்ததில்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவன் அந்த முறையைப் பின்பற்றாமல் அவசரப்பட்டதால்தான் இன்றுவரை நாம் கையைச் சுட்டுக்கொள்கிறோம். என் அத்தான் அப்படிப்பட்ட தவறைச் செய்யக்கூடியவர் அல்லர்.

அவர் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவருடைய கையெழுத்து இல்லாமல் ஒரு குழாய்கூட வாசலைத் தாண்டாது. அவரோ லேசில் கையெழுத்துப் போடமாட்டார். அந்தத் தொழிற்சாலைக் குழாய் ஒழுகுகிறது என்று எந்த வீட்டிலிருந்தும் புகார் வராததற்கு இதுவே காரணம்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டுவது அவள் தொழில். ஒரே மகள் வேலை கிடைத்துத் தூரத்து ஊருக்குப் போனதும் வீட்டுச் சாப்பாட்டு மேசை திடீரென்று பெரிதாகிவிட்டது. போனில் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. மகள்தான் வழி சொன்னாள். அவள் சாயங்காலம் விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் அம்மாவும் சேரலாம். ஒருத்தி தீப்பந்தம் பிடிக்க, ஒருத்தி கேடயம் பிடிக்க, பேசிக்கொண்டே குகை குகையாகப் போகலாம். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரோ அந்த விளையாட்டின் பெயரைக் காட்டியதுமே ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

"பாகமா வாங்கி நாமே சேர்த்துக்கலாம்னு சொல்றா," என்றாள் அக்கா.

அத்தான் காதில் 'பாகம்' மட்டும்தான் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டின் முதல் கேமிங் கம்ப்யூட்டர் இது, ஒரு பாகம் சொதப்பினாலும் பரம்பரைக்கே இழுக்கு என்றார். அன்றே குழு உதயமானது. தலைவர் அத்தான். செயலாளர் நான், ஞாயிறுதோறும் அங்கே சாப்பிட வருவது என் தகுதி. தொழில்நுட்ப ஆலோசகர் மாடி வீட்டுத் திருப்புளியார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருப்பார். ஒருமுறை ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, அப்படியே மூடிய அனுபவசாலி.

மதர்போர்டுக்கென்று தனியாகத் 'தாய்ப்பலகைத் தேர்வுத் துணைக்குழு' ஒன்றும் அமைந்தது. அதில் தாயைச் சேர்க்கவில்லை. விளையாடப்போகிறவரே தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

முதல் கூட்டத்தில், பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை 'பரிசீலனைக்கு' வந்தது. மட்டமான பவர் சப்ளை தனியாகச் சாகாது, கூட இருப்பதையெல்லாம் எரித்துவிட்டுத்தான் போகும் என்று திருப்புளியார் எச்சரித்தார். நல்லதாகப் பார்த்து ஒன்றை வாங்கிவிட்டு வேலையைப் பாருங்களேன் என்று அக்கா அந்தப் பக்கமாகப் போகும்போது சொன்னாள். 'நல்லது' என்றால் என்ன என்று வரையறுக்க அத்தான் இன்னொரு கூட்டம் கூட்டினார்.

வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை அவர் ஒன்றுவிடாமல் படித்தார். ஆயிரம் பேர் பாராட்டியது அவரை அசைக்கவில்லை. யாரோ ஒருவர், ராம் மெமரி வந்த அட்டைப்பெட்டி நசுங்கியிருந்ததாக எழுதியிருந்தார். அந்த ராம் நிராகரிக்கப்பட்டது. இன்னொருவர், தன் மனைவிக்கு ஃபேன் சத்தம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஃபேனுக்கும் அதே கதி.

நேரில் விசாரிக்கக் கடைக்கும் போனோம். கடைக்காரர் ஒரு மதர்போர்டைத் தூக்கிக் காட்டினார்.

"கண்ணை மூடிட்டு வாங்கலாம் சார். இதுவரைக்கும் ஒண்ணுகூட ரிட்டர்ன் வந்ததில்ல."

அவர் தலைக்கு மேலே, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பலகை தொங்கியது. அத்தான் அதையும் சாதகமான சான்றாக என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்து முடித்த வாரத்தில்தான் அதைவிடப் புதியது சந்தைக்கு வந்தது. மற்றவர்களாக இருந்தால் இடிந்துபோயிருப்பார்கள். அத்தான் பூரித்தார். அவசரப்பட்டிருந்தால் பழசை அல்லவா தலையில் கட்டியிருப்பார்கள் என்று கூட்டத்தைக் கலைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இதற்கிடையில் அக்கா கேட்பதை நிறுத்தியிருந்தாள். குழுவின் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டோம். சாயங்காலமானால் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். செயலாளன் என்ற முறையில் நான் இதைக் கவனித்தேன். நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் விவாதத்துக்கு எடுக்கவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம், முதல் பாகம் ஏகமனதாகத் தேர்வானது. எல்லாவற்றையும் உள்ளே பொருத்தும் வெறும் இரும்புப் பெட்டி. அதில் ஓடுவதற்கு எதுவுமில்லை, ஆகவே கெடுவதற்கும் எதுவுமில்லை என்று அத்தான் முழங்கினார். கையோடு வாங்கி, மூவருமாகச் சுமந்து வந்து, பின்னறையில் வைப்பதற்காகக் கதவைத் தள்ளினோம்.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு குகை. கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு அக்கா ஒரு பூதத்தை விரட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் சொன்ன பாகங்களை மத்தியான இடைவேளையில் போய் வாங்கினாளாம். நாங்கள் முன்னறையில் 'நம்பகம்' பற்றி ஆழ்ந்திருந்த ஒரு விடுமுறை நாளில், வீடியோ காலில் மகள் வழிகாட்ட, இங்கே பொருத்தி முடித்தாளாம்.

"டெஸ்ட் பண்ணியா?" என்று கேட்டார் அத்தான்.

"பட்டனை அமுக்கினேன். ஓடுச்சு," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முட்டியைவிட இது சுலபங்க. வலிக்குதுன்னு கத்தாது."

திருப்புளியார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அத்தான் குனிந்து, ஓடும் ஃபேனை உற்றுப் பார்த்தார். அதே ஃபேன்தான். அவரால் நிராகரிக்கப்பட்டது.

"அப்பாவா அது?" ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது. "வாங்கப்பா, நீங்களும் ஆடலாம். இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு."

அத்தான் நிமிர்ந்தார். மகள் குரலைக் கேட்டு அவருக்கும் நாளாகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வரேம்மா. கண்டிப்பா வரேன். நம்பி வாங்கற மாதிரி ஒரு கீபோர்டு மட்டும் பார்த்துடறேன். கொஞ்சம் டைம் குடு."

"மெதுவாவே பாருங்கப்பா," என்றாள் மகள், சிரிப்பு மாறாமல். "ரெண்டாங்கிளாஸ்ல நான் கேட்ட சைக்கிளுக்கே நீங்க இன்னும் பிரேக் பார்த்து முடிக்கலையே."