இரண்டு மோட்டார், ஓர் ஊற்று

கிணறு வற்றிவிட்டது. தையல்காரர் வீட்டுக் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பூட்டுக்கடைக்காரர் கிணறும். மழை இல்லாதது கால் காரணம். திட்டு முழுவதும் அதற்கே விழுந்தது. முக்கால் காரணம் இந்த இரண்டு ஆண்பிள்ளைகள்.

பூட்டுக்கடைக்காரர் விடிந்ததும் மோட்டார் போடுவார். சத்தம் கேட்டால் போதும், தையல்காரர் பாதி சவரத்தோடு ஓடிவந்து தன் மோட்டாரைத் தட்டுவார். அவர் நிறுத்தாமல் இவர் நிறுத்தமாட்டார். இவர் நிறுத்தாமல் அவர் நிறுத்தமாட்டார். தொட்டி நிரம்பி வழிந்து சாக்கடைக்குப் போகும். போகட்டும், அடுத்தவனுக்குப் போகாமல் இருந்தால் சரி. கடைசியில் இரண்டு மோட்டாரும் வெறும் காற்றை இழுத்துக் கனைக்கும்.

இப்படி ஒரு நாளில்தான் மகள் போன் பண்ணினாள். கைக்குழந்தையோடு வந்து தங்க ஆசை. ஆனால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லையாமே?

"கிணறு இப்படியே இருந்தா நான் மாமியார் வீட்டுலயே இருந்துக்கறேன்ப்பா."

தையல்காரர் பேத்தியை இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒரு அலமாரி நிறைய கவுன் தைத்து வைத்திருந்தார். போனை வைத்தவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பெரிய மோட்டார் வாங்கறேன். அவன் கிணத்துத் தவளை நம்ம குழாயில வந்து விழணும்."

"தவளைய வச்சுப் பேத்தியக் குளிப்பாட்டுவீங்களா?" என்றாள் மனைவி.

அவள் சும்மா இருக்கிற ரகமில்லை. கொஞ்ச நாளாக, கயிற்று நுனியில் புருஷனுடைய அளவு டேப்பைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேப் ஏன் ஈரமா இருக்கு?"

"போன வாரம் ஒரு குண்டு ஆளுக்கு அளவெடுத்தீங்களே, வேர்த்திருக்கும்."

இவர் நம்பினார். அவள் அளந்தாள். பூட்டுக்கடைக்காரர் மோட்டார் ஓடினால் இவர்கள் கிணறு இறங்கியது. இரண்டும் ஓய்ந்திருந்தால் மெல்ல ஏறியது.

"ஏங்க, கீழ ஒண்ணும் குளம் கட்டி வைக்கல. மணலுக்குள்ள ஊறிக் கிடக்கற தண்ணி. அது கசிஞ்சு கசிஞ்சுதான் கிணத்துக்கு வரும். நீங்க இழுக்கற வேகத்துக்கு ஓடி வராது. அவங்க கிணத்துக்கும் நமக்கும் அடியில ஒரே மணல். சுவரு மேலதான் இருக்கு."

"அப்போ நம்ம தண்ணியத்தான் அவன் குடிக்கறான்?"

நாலு வார்த்தையில் இரண்டு வார்த்தைதான் அவர் காதில் ஏறும். அவள் பெருமூச்சு விடவில்லை. பாத்திரம் கழுவப் போகிறவள்போல் பின்பக்கம் போய், சுவரோரம் பூட்டுக்கடைக்காரர் மனைவியிடம் கொஞ்ச நேரம் குசுகுசுத்தாள். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சாயங்காலம் அவர் கடையில இருப்பாரில்ல? அப்போ கமுக்கமா இழுத்துடலாம்."

தையல்காரர் கண் மின்னியது. "காலையில?"

"வாயே திறக்காதீங்க. அவர் போட்டுக்கட்டும். நீங்க தோத்துட்டீங்கன்னு நினைச்சு அசந்துடுவார். பகலெல்லாம் ஊறி வர்றது நமக்கு."

"பெரிய மோட்டார்?"

"அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இந்தச் சின்னதே போதும். தொட்டி நிறைஞ்ச உடனே நிறுத்திடணும். வழியற சத்தம் கேட்டா மாட்டிக்குவோம்."

அன்று முதல் தையல்காரர் ஒழுங்காகத் திருடினார். காலையில் அடுத்த வீட்டு மோட்டார் ஓடும்போது நிதானமாக முழுச் சவரம் செய்தார். சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைநடை நடந்து மோட்டார் போட்டார். தொட்டி விளிம்பைத் தொடுவதற்குள் அணைத்தார். சொட்டு வீணில்லை.

கிணறு ஏறியது. மகள் வந்தாள். பேத்தி பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார்ந்து, தண்ணீரை அடித்து, தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை நனைத்தாள். தையல்காரர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

சந்தோஷம் தலைக்கேறினால் வாய் நிற்காது. சுவரோரம் பூட்டுக்கடைக்காரரைப் பார்த்ததும் பரிதாபமாகச் சிரித்தார். ஆச்சரியம், அவரும் இவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

"எங்க வீட்ல தண்ணி தாராளம்," என்றார் இவர். "சாயங்காலமா வந்து சேருது. எங்கருந்து வருதுன்னு கேக்காதீங்க."

"நீங்களும் கேக்காதீங்க. ராத்திரி ஊறினதையெல்லாம் காலையில நான் கமுக்கமா எடுத்துடறேன். உங்களுக்கு முன்ன மாதிரி எழுந்திரிக்க முடியறதில்லையாமே. எங்க வீட்ல சொன்னா."

"யார் சொன்னா?"

"எங்க வீட்ல."

இருவர் முகமும் ஒரே நேரத்தில் தொங்கிப்போனது. தையல்காரர் அடுப்படிக்குப் போனார்.

"ரெண்டு பேரும் முறை வச்சுக்கோங்கன்னு நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேப்பீங்களா? திருடச் சொன்னாத்தானே ஒழுங்கா இருக்கீங்க." அடுப்பைத் தணித்தாள். "சாயங்காலமாச்சு. போய்ப் போடுங்க. மெதுவா நடங்க, கேட்டுடப் போகுது."

போனார். வேறென்ன செய்வார்?

மோட்டாரை அணைத்துவிட்டு வந்தபோது, மகள் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். "வத்திப்போன கிணத்துல எப்படிம்மா இவ்வளவு தண்ணி?"

"எல்லாம் உங்கப்பா சரி பண்ணினது," என்றாள் மனைவி, முகம் மாறாமல்.

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மணல், ஊற்று, கசிவு.

மகள் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் தாயின் பக்கம் திரும்பினாள்.

"நீ எப்படிம்மா இதைச் சரி பண்ணினே?"