ரோஸ் கலர் பஞ்சு

எல்லையில் நிற்கும் புருஷனை நம்பிவிடலாம். லீவில் வந்து வீட்டில் இருக்கும் புருஷனை நம்புவதுதான் கஷ்டம். அதுவும் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவளுக்கு. நாள் முழுக்க ஓட்டை எங்கே, கறை எங்கே என்று தேடும் கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

பட்டாளத்திலிருந்து ரெண்டு வருஷம் கழித்து வந்திருந்தார் என் வீட்டுக்காரர். (விருந்தாளி மாதிரி சேர் நுனியில்தான் உட்காருவார்.) என்ன சொன்னாலும் "ம்" என்பார். போனிலும் அதே "ம்"தான். பேச வராத மனுஷன் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் வேலைக்குக் கிளம்பியதும் இவரும் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்புகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கேட்டால், "சும்மா, ஃப்ரெண்டப் பாக்க."

துவைக்கப் போட்ட சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தோளில் ரோஸ் கலர் பஞ்சு. எங்கள் கம்பெனியில் அந்த மாதம் முழுக்க வெள்ளைத் துணிதான், தலையில் ஒட்டுவதும் வெள்ளைப் பஞ்சுதான். அப்படியானால் இது யார் தலையில் இருந்த பஞ்சு? காத்துக் கிடந்தவள் நான், தோளில் சாய்ந்தவள் எவளோ!

சட்டையைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், கூட வேலை பார்க்கும் தங்கமணியக்காவிடம் காட்டினேன். "இந்தக் கலரு நம்ம சந்துக் கடைசி யூனிட்லதான் ஓடுது கண்ணு" என்றார்.

டீ டைமில் ரெண்டு பேரும் போனோம். வாசலில் அவர் பைக். நேராக உள்ளே போய் சட்டையை உதறிக் காட்டி, "இந்தப் பஞ்சுக்காரி யாருங்க? முன்னால வரட்டுங்க" என்றேன். (கொலைவெறியிலும் 'ங்க' விட்டுப்போகாது, ஊர் அப்படி.)

எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை பேர் தலையிலும் ரோஸ் பஞ்சு. திருநெல்வேலிக்கார டெய்லர் மாஸ்டரின் மீசையிலும்.

"யாரத் தேடுதீய?" என்றார் மாஸ்டர், மீசையைத் துடைத்துக்கொண்டே.

கடைசி ஓவர்லாக் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்தார் என் வீட்டுக்காரர். கையில் எங்கள் மகள் அளவுக்கு ஒரு குட்டிச் சட்டை. அதில் ஒரு கையை உள்வெளியாகத் தைத்து வைத்திருந்தார்.

"அடுத்த வருஷம் பென்சன்ல வந்தர்றேன் அம்மிணி. நீ போன்ல ஓவர்லாக்குங்கற, ஷிப்மென்ட்டுங்கற. எனக்கு ஒண்ணும் புரியாம 'ம்'முன்னே சொல்லீட்டு இருந்தேன். ஊட்டுக்கு வந்தும் அப்படியே இருந்தா, நம்ம ரெண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்தறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அந்தச் சட்டையை வாங்கிப் புரட்டினேன். ஒரு நூல் விட்டிருந்தாலே தூக்கி எறிபவள், "பாஸ்" என்றேன். தங்கமணியக்கா அதை ஊர் பூராவும் சொல்லிவிட்டார்.

இப்போது அவர் பென்சனில் வந்து அதே யூனிட்டில் தைக்கிறார். சாயங்காலம் வாசலில் நின்று ரெண்டு கையையும் தூக்குவார். "செக்கிங் முடிச்சிருங்க மேடம், உள்ள வரோணும்." என் மகள் ஓடிப்போய்த் தோளைத் தடவிப் பார்த்து "பாஸ்" என்பாள். அப்புறம் சோறு உண்ணும்வரை ஓவர்லாக், ஷிப்மென்ட் என்று வாய் ஓயாது பேசுவார். நான் "ம்" கொட்டிக்கொண்டிருப்பேன்.

சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

"எல்லாத்துக்கும் 'ம்'முங்கற. உம்பட மனசு எங்க இருக்குது?"