பச்சைத் திரையில் ஒரு நெளிவு

"மாப்பிள்ளை, இந்தப் பெட்டி இன்னும் வேலை செய்யுதா?"

"செய்யுது மாமா."

"இதுல என்ன பண்ணுவீங்க?"

"சும்மா... செங்கல் உடைப்பேன். கீழே பந்தைத் தட்டிவிட்டா மேல இருக்கிற செங்கல் உடையும்."

"ம்."

கல்யாணமான புதிதில் நடந்த இந்தப் பேச்சை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இன்றுவரை மறக்கவில்லை. அந்த 'ம்'மைத்தான் முக்கியமாக. மாமனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஒற்றை எழுத்தில் தனக்கு முட்டை மார்க் போட்டுவிட்டார் என்றே மருமகன் நினைத்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தாலும் மாமனாரின் முதல் கேள்வி, "பெட்டி இன்னும் இருக்கா?" என்பதுதான்.

இப்போது இடுப்புவலி வைத்தியத்துக்காக அவர் வந்து தங்கியிருந்தார். ஹால் சோபாவில் படுத்து வலி கூடிக்கொண்டே போனது. சின்ன அறையிலோ பழைய கம்ப்யூட்டர் மேசை போட்டு ராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தது. அதுவும் உருப்படியாக இல்லை. பச்சை எழுத்துத் திரையில் படம் தண்ணீரில் விழுந்த நிழல்போல நெளிந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். படம் நேரா நின்னா பெட்டி இருக்கட்டும். இல்லன்னா பழைய சாமான்காரர்கிட்ட போகுது, அப்பாவுக்குக் கட்டில் வருது" என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் மின்விசிறியைச் சந்தேகப்பட்டு நிறுத்தினார். படம் நேராக நின்றது!

"ஏய், இங்க வா! சரியாயிடுச்சு!"

மனைவிக்கு முன்னால் மாமனார் வந்து மேசையை ஒட்டி நின்றார். செங்கல் வரிசை அப்படியே அவர் பக்கம் வளைந்தது.

"இதுதான் சரியானதா?" என்றாள் மனைவி.

"இப்ப நல்லா இருந்துச்சும்மா!"

"நீங்க தனியா பார்த்தா மட்டும் நேரா நிக்குமா? ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் தெளிவாக்குறீங்க. முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணுங்க."

அடுத்துப் பிரிட்ஜின் மேல் சந்தேகம் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கினார். மாமனார் மத்தியானத் தூக்கத்தில் இருந்ததால் படம் கம்பிபோல நின்றது. சந்தோஷத்தில் பிளக்கைத் திரும்பச் சொருக மறந்தார். சாயங்காலம் சமையலறையில் குளம் கட்டியது. பால் திரிந்தது. போதாக்குறைக்கு, சத்தம் கேட்டு எழுந்து வந்த மாமனார் பக்கத்தில் நின்று பார்க்கையில் படம் பழையபடி ஆட்டம் போட்டது.

மேசையை ஜன்னலோரம் நகர்த்தினார். மேசைக்கால் உடைந்தது. மானிட்டரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் போட்டுப் பார்த்தார். அங்கே அது சாதுவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி நெளிந்தது.

"இந்தப் பெட்டிக்கு இந்த வீட்டையே பிடிக்கல" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை. பழைய சாமான்காரர் தராசோடு வாசலில் காத்திருந்தார். கடைசி முயற்சியாகக் கடைக்காரர் கம்ப்யூட்டரைக் கழற்றி உதறித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டார்ச் நான் பிடிக்கிறேன் மாப்பிள்ளை" என்று மாமனார் ஒட்டி நின்றார்.

திரும்ப மாட்டும்போது திருகாணிகள் குறைந்தன. தரையில் இல்லை. பாய்க்கு அடியில் இல்லை.

"எங்கேதான் போச்சு? பெட்டி முழுங்கிடுச்சா?"

மனைவி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா, அது என்ன உங்க சட்டையில?"

மாமனாரின் இடுப்பில், சட்டைக்கு மேலேயே, திருகாணிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் அவளுடைய ஊக்கு ஒன்றும் இருந்தது.

"இது... வலிக்குன்னு நீ வாங்கிக் குடுத்த பெல்ட்டும்மா. உள்ளே காந்தம் வெச்சுத் தைச்சிருக்கான்."

கடைக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே மேலே பார்த்தார். "மாமா, அதைக் கொஞ்சம் கழட்டி ஹால்ல வெச்சிட்டு வர முடியுமா?"

கடைக்காரர் பெட்டியை மாட்டி ஆட்டத்தை ஓடவிட்டதும், மாமனார் பெல்ட் இல்லாமல் வந்து நின்றார். செங்கல் வரிசை அசையவில்லை. எல்லாரையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தாயிற்று. தராசுக்காரரும் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். படம் அசையவே இல்லை. கடைக்காரர் விட்ட பெருமூச்சில் விசைப்பலகைமேல் இருந்த மிச்சத் தூசியும் பறந்தது.

"சரி, பெட்டி இருந்துட்டுப் போகட்டும். கட்டிலை ஓரமாப் போட்டுக்கலாம்" என்று மனைவியும் இறங்கி வந்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ஆமா, உங்களுக்குத்தான் இந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாதே? அப்புறம் எதுக்கு எப்பப் பாரு அதை ஒட்டியே நின்னீங்க?"

மாமனார் தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்தையே நடுங்கவைத்த அந்தக் குரல் இப்போது மெல்ல வந்தது.

"ஆகாதுன்னு யாரும்மா சொன்னது? மாப்பிள்ளை, கல்யாணமான நாள்லேருந்து வாய் வரைக்கும் வந்து வந்து போகுது... நானும் ஒரு தடவை செங்கல் உடைக்கட்டுமா?"