யாரும் காத்திருக்காத நாடு

வரைபடத்தில் கடலின் நீலம் முடிந்து வெறும் காகிதம் தொடங்கும் இடத்தில் கடிகை நாடு இருந்தது. அந்நாட்டு மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் மன்னரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அதற்காக வருந்தினார்கள்.

தலைநகரில் இருந்தது ஒரே கல்யாண மண்டபம், ஒரே சமையல் அண்டா. ஒரே நாளில் நான்கு கல்யாணம் வந்தாலும் மக்கள் சமாளித்தார்கள். ஒரு வீட்டார் தாலி கட்டும்போது இன்னொரு வீட்டார் சோறு வடிப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஒருநாள் அப்படி மாறிய அவசரத்தில், விருந்துக்கு வந்திருந்த மன்னர் மகாதீரரின் ரசம் சாதத்தின் மேல் பக்கத்துக் கல்யாணத்துப் பாயசம் விழுந்துவிட்டது. உடனே ஆணை பிறந்தது: ஒருவர் எடுத்த பொதுப்பொருளை, அவருடைய காரியம் முழுதாக முடியும்வரை வேறு எவரும் தொடக் கூடாது, எடுத்தவரும் நடுவில் விடக் கூடாது.

மறுநாள் காலையில், பொரி வறுத்து விற்கும் குமுதவல்லி தன் கல்யாணத்துக்காக மண்டபத்துச் சாவியை வாங்கினாள். அதே நேரத்தில் எதிர்த்தெருப் பொற்கிளி தன் கல்யாணத்துக்காக அண்டாவை உருட்டிக்கொண்டு போனாள். விருந்து போடாத கல்யாணம் அந்நாட்டில் செல்லாது. மண்டபத்தில் நடக்காத கல்யாணமும் செல்லாது. இவளுக்கு அண்டா வேண்டும், அவளுக்கு மண்டபம் வேண்டும். கல்யாணம் முடியாமல் கையிலிருப்பதை விட்டுக்கொடுக்க இருவருக்கும் அனுமதி இல்லை.

மூன்று ஆண்டுகள் ஓடின. குமுதவல்லி மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பொற்கிளி அண்டாவுக்குக் காவல் இருந்தாள். மழை வந்தால் உள்ளே இறங்கி மூடிக்கொண்டாள்.

"ஏண்டி, அண்டாவுலயே குடித்தனம் வச்சிட்டியா?" என்று குமுதவல்லி கேட்பாள்.

"நீ மட்டும் என்னவாம்? மண்டபத்துக்குத் தூணாவே ஆயிட்டே. அடுத்த பொங்கலுக்கு உனக்கும் சேர்த்து வெள்ளையடிக்கப் போறாங்க, பாரு."

திட்டி முடித்ததும் இருவரும் ஒரே முறத்துப் பொரியைத் தின்றார்கள்.

முறையீடு அரண்மனைக்கு எட்டியது. நாட்டின் நேரத்தை அளக்கும் பொழுதாளர், நீர்க்கடிகாரத்தைச் சேவகன் தலையில் ஏற்றிக்கொண்டு குமுதவல்லியிடம் நேரில் வந்தார்.

"அம்மணி, தங்கள் காரியம் தொடங்கிவிட்டதா?"

"எங்கேங்க தொடங்குறது? மூணு வருசமா அந்த அண்டாவுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்."

"தொடங்காத காரியத்துக்குக் காலம் ஓடுவதில்லை. எமது கணக்கில் தாங்கள் சற்றும் காத்திருக்கவில்லை."

"அப்போ என் தலை நரைச்சதுக்கு?"

"அது தங்கள் சொந்த விவகாரம்."

அன்று மாலையே முரசு அறைந்தார்கள்: கடிகை நாட்டில் யாரும் காத்திருப்பதில்லை! இந்த அதிசயத்தைக் கற்றுக்கொள்ள அயல்நாட்டுத் தூதர்கள் வந்தார்கள். அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

இதற்குப் பிறகும் காத்திருப்பதாகச் சொல்பவர்களே நெரிசலுக்குக் காரணம் என்று அடுத்த ஆணை வந்தது. அவர்கள் காரியம் அழிக்கப்படும்; முதலிலிருந்து தொடங்க வேண்டும். குமுதவல்லியை மணக்க இருந்த வேலப்பன் விளக்குத்திரி திரிப்பவன், வாய் சும்மா இருக்காதவன். "இன்னும் எத்தனை நாளுங்க?" என்று கேட்டுவிட்டான். சேவகர்கள் நிச்சயதார்த்தத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு அவனைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். இந்தப் பெண் யாரென்றே தெரியாது என்று அவன் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு புதிதாகப் பெண் பார்க்க வந்து, பஜ்ஜி தின்று, பெயர் கேட்டான். குமுதவல்லியின் சாவியையும் அவர்கள் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். அதற்கான அதிகாரி வேறொரு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

வேலப்பன் வாய் அடங்கவில்லை. அதனால் பெண் பார்க்கும் சடங்கும் அடங்கவில்லை. நான்காம் முறை வந்தபோது, "உம் பேரென்னம்மா?" என்று கேட்டுவிட்டு அவன் நிஜமாகவே யோசித்தான்.

"விளையாடாதீங்க."

"இல்ல குமுதா… ஒரு நிமிசம் சத்தியமா வரல."

அவள் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை அழித்தால் இந்த மனுஷன் தன்னை நிஜமாகவே மறந்துவிடுவான் என்று பட்டது.

அந்த வாரம்தான் தேர்தல் நாள் வந்தது. திடலில் கூடிய மக்கள்முன் பொழுதாளர் தொண்டையைச் செருமினார்.

"பெருமக்களே! மன்னரின் ஐந்தாண்டு இன்னும் முடியவில்லை. யானைக்கு அலங்காரம் முடியும்வரை மன்னர் காத்திருந்தார். புகழ்மாலை பாடி முடிக்கும்வரை காத்திருந்தார். குனிந்த அமைச்சர்கள் நிமிரும்வரை காத்திருந்தார். காத்திருப்பு காலமாகாது. கழித்துப் பார்த்தால், மன்னர் ஆளத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை!"

கூட்டத்தின் நடுவிலிருந்து குமுதவல்லி சாவியை உயரத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயா, ராசா ஆள வந்தே ஒரு மாசந்தான்னா, மூணு வருசத்துக்கு முந்தி இதை என் கையில கட்டிவிட்ட சட்டம் யார் போட்டது?"

அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மன்னரின் முகமோ முழுநிலவுபோல மலர்ந்தது.

"அதைத்தான் நானும் கேட்கிறேன், மகளே! அந்தக் கொடுஞ்சட்டங்கள் அனைத்தும் முந்தைய ஆட்சியில் போடப்பட்டவை. இந்தக் கணமே நீக்குகிறேன்!"

முந்தைய மன்னர் எப்போதோ காலமாகிவிட்டதால் மறுப்பு ஏதும் வரவில்லை. திடல் அதிரக் கூட்டம் கைதட்டியது. மன்னருக்கு மீண்டும் முழுசாக ஐந்தாண்டு என்று முடிவானது. புதிய சட்டங்கள் மன்னர் உணவருந்திய பின் வரும் என்றார்கள்.

குமுதவல்லிக்கு அதற்குமேல் கேட்க நேரமில்லை.

"அடியே பொற்கிளி! ராசா சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள உருட்டுடி!"

அண்டா மண்டபத்துக்குள் உருண்டது. இரண்டு அடுப்பு மூட்டவில்லை, இரண்டு பந்தல் போடவில்லை. ஒரு மாலை தவறான கழுத்தில் விழுந்து சிரிப்போடு திரும்பி வந்தது. முடிச்சுப் போடும்போது வேலப்பன் அவள் காதில், "குமுதவல்லி, குமுதவல்லி" என்று பாடம்போலச் சொல்லிக்கொண்டிருந்தான். பொழுதாளர் வாசலில் நின்று அளந்தார். "தொடங்கிய ஒரே நாழிகையில் இரண்டு கல்யாணம்! புதிய ஆட்சியின் முதல் சாதனை!" என்று முரசு முழங்கியது.

சாதனையைக் கேள்விப்பட்டதும் மன்னர் அங்கேயே உண்ண வந்தார். முதல் பந்தியில் அமர்ந்து ரசம் சாதத்தை ஆசையாகப் பிசைந்தார். இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பாயச வாளியோடு வந்தவன் கால் தடுக்கியது.

மன்னர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிமிராமலே, எழுத்தரை நோக்கி ஒரு விரலை அசைத்தார்.

குமுதவல்லி சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வேலப்பன் கையைப் பிடித்து இழுத்தாள். "திரும்பிப் பார்க்காம நடங்க."

வாசலில் அடுத்த மணப்பெண் அவர்களை இடித்துக்கொண்டு ஆணியை நோக்கி ஓடினாள். தெருவில் இன்னொருத்தி அண்டாவை உருட்டத் தொடங்கியிருந்தாள்.